சருகைக் கொளுத்தாதீர்கள், ஆறுமணிக்குருவி இன்னும் கிளம்பவில்லை

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் பெரம்பூரிலிருந்து மாதவரம் பால்பண்ணைப் பக்கம் விடியற்காலையில் நடக்கப் போகிறவர்களுக்கு, சென்னையில் பறவைகளின் வேனில் மாசியிலேயே பிறந்துவிடுகிறது என்பது தெரியும். இலை உதிர்த்த கல்யாண முருங்கை சிவக்கச் சிவக்கப் பூத்ததும் மைனாக்களும், மத்திய ஆசியாவுக்குத் திரும்ப ஆயத்தமாகும் சூறைக்குருவிகளும் தேனுக்காக அதில் மொய்க்கின்றன. செம்மார்புக் குக்குறுவான் பாத்திரத்தில் தட்டுவதுபோல் ஒரே தாளத்தில் குரல் கொடுக்கிறது. காகங்கள் கூட்டுக்குச் சுள்ளி பொறுக்கத் தொடங்க, குயிலின் குரலிலும் அவசரம் ஏறுகிறது. (நம் பாடல்களில் எத்தனையோ பெண்குயில்கள் பாடினாலும், அந்த நீண்ட கூவல் ஆண்குயிலுடையது.)

இத்தனைக்கும் நடுவில் நான் தேடிப் போவது ஆறுமணிக்குருவியை. மைனாவைவிடச் சிறியது, குட்டை வால், 50 அல்லது 60 கிராம் எடை. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணை ஒட்டி மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் இரவோடு இரவாகப் பறந்து நம் பக்கம் வந்து, சித்திரையில் திரும்பிப் போகும் இந்தப் பறவை, காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால்தான் இந்தப் பெயரைப் பெற்றது. பெரும்பாலும் அது மரத்தில் இருப்பதில்லை. தரையில் தத்தித் தத்திச் சென்று, சருகைப் புரட்டி, அடியில் இருக்கும் புழுவையும் பூச்சியையும் தின்கிறது. நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பு அந்தச் சருகுக்கு அடியில்தான் இருக்கிறது.

வட சென்னையில் நான் வழக்கமாகப் போகும் சிறிய பூங்கா ஒன்றில் (பெயர் வேண்டாம்) சென்ற ஆண்டு இதே பங்குனியில் புங்க மரங்களும் வாதாம் மரங்களும் உதிர்த்த இலைகளை ஒன்றுவிடாமல் கூட்டி, சுற்றுச்சுவர் ஓரம் குவித்துத் தீ வைத்தார்கள். அதற்கு முந்தைய வாரம்வரை அதே சுவரோரத்தில் தினமும் கேட்ட சீழ்க்கை அன்றோடு நின்றது. கூட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. தரை வழவழவென்று தெரிந்தால்தான் பூங்கா சுத்தமாக இருக்கிறது என்று நடைப்பயிற்சிக்கு வரும் நாமே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

சருகை விட்டால் கொசு வரும், பாம்பு வரும் என்று உடனே பதில் சொல்வார்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். உலர்ந்த இலையில் அல்ல. பாம்பு வருவதும் பெரும்பாலும் எலியைத் தேடித்தான், எலி வருவதோ நாம் வீசியெறியும் சோற்றுப் பொட்டலத்துக்காக. பாம்பைப் பற்றிய பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் நடைபாதையையும் பிள்ளைகள் விளையாடும் இடத்தையும் தினமும் கூட்டட்டும் என்கிறேன். சுவரோரமாக, யாரும் நடக்காத பத்தடி அகலத்தை மட்டும் ஐப்பசி முதல் சித்திரை முடியும்வரை துடைப்பம் படாமல் விட்டால் போதும். பட்டுப்போன கிளைகளிலும், யார் தலையிலும் விழ வாய்ப்பில்லாதவற்றை வெட்டாமல் விடலாம். குக்குறுவான் பொந்து குடைவது அவற்றில்தான். இதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை, ஒரு வேலையைச் செய்யாமல் இருந்தாலே போதும் என்பதுதான் இதை யாருக்கும் புரியவைக்க முடியாமல் செய்கிறது போலும்.

சித்திரை முடிய இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் பகுதிப் பூங்காவில் கூட்டுகிற அம்மாவிடம் இந்த வாரமே பேசிப் பாருங்கள். நான் பேசியபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மேஸ்திரி கேட்டா நீங்க வந்து சொல்லுவீங்களா சார்?" சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.