பாட்டை அப்படியே நம்பிய படம்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரசிகர்களிடம் இந்தப் படத்தின் பெயரை எடுத்தாலே முகம் மாறிவிடும். 1978-இல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் க்ளப் பேண்ட்’. இதே பெயரில் 1967-இல் பீட்டில்ஸ் வெளியிட்ட இசைத்தட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள்தான் படத்தைக் காறித் துப்புகிறார்கள். வெளியான அன்றே விமர்சகர்களும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எனக்கு இந்தப் படம் உயிர்.

முதல்முறை பார்த்தது கல்லூரி விடுதியில். “சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும், வாடா” என்று கூப்பிட்டுத்தான் ஒரு நண்பன் கணினியில் போட்டான். ஆறு பேர் உட்கார்ந்தோம். இடைவேளை அளவுக்கு வருவதற்குள் ஒவ்வொருவராக எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். நான் அசையவில்லை. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து போட்டேன்.

கதை ஒரு சிறுவர் கதைதான். ஹார்ட்லேண்ட் என்று ஒரு சின்ன ஊர், அங்கே மந்திர சக்தியுள்ள வாத்தியங்கள். அவற்றை வாசித்த பெப்பரின் பேரன் பில்லி ஷியர்ஸாகப் பாடகர் பீட்டர் ஃப்ராம்ப்டன், அவன் கூட்டாளிகளாக பீ ஜீஸ் இசைக்குழுவின் சகோதரர்கள் மூவர். இவர்களை லாஸ் ஏஞ்சலஸ் இசைக் கம்பெனி ஒன்று ஆசைகாட்டி அழைத்துப் போகிறது. அந்த நேரம் பார்த்து மஸ்டர்ட் என்ற வில்லன் ஊருக்குள் வந்து வாத்தியங்களைத் திருடிவிடுகிறான். அவன் வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ரோபோக்கள்! அப்புறம் வாத்தியங்களை மீட்கிற படலம்.

இதில் யாருக்கும் வசனமே கிடையாது. மேயர் கைட்டாக வரும் ஜார்ஜ் பர்ன்ஸ் மட்டும் கட்டியங்காரன்போல இடையிடையே கதை சொல்கிறார். அப்போது அவருக்கு 82 வயது. மற்றவர்கள் பீட்டில்ஸ் பாட்டுகளைப் பாடுவார்கள், இல்லையென்றால் கண்ணாலும் கையாலும் பேசுவார்கள். பீ ஜீஸுக்கு அந்தக் கலை வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்களில் ஒருவரான ராபின் கிப் ‘ஓ! டார்லிங்’ பாடும்போது அந்தக் குரல் நடுங்குகிறதே, அதற்கு மேல் என்ன நடிப்பு வேண்டும்?

இந்தப் படத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பாட்டில் வருகிற பெயர்களை எல்லாம் இது நிஜ மனிதர்களாக நம்பிவிடுகிறது. ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் என்பது லிவர்பூலில் பீட்டில்ஸின் ஜான் லெனன் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குழந்தைகள் காப்பகம். படத்தில் அது பில்லியின் காதலி. மிஸ்டர் கைட், லெனன் வாங்கிய ஒரு பழைய சர்க்கஸ் சுவரொட்டியில் இருந்த பெயர். இங்கே அவர் ஊருக்கே பெரியவர். ஸ்ட்ராபெரி இறந்துபோகும்போது ‘கேரி தட் வெயிட்’ பாடுகிறார்கள். அதாவது, பாரத்தைச் சுமப்பதைப் பற்றிய பாட்டு சவ ஊர்வலத்தில்! கேலி செய்கிறவர்கள் முதலில் கைவைப்பது இந்த இடத்தில்தான். எனக்கோ ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். சின்ன வயதில் அர்த்தம் புரியாமல் ஒரு பாட்டைக் கேட்டு, அதில் வருகிற ஆளுக்கு மனதுக்குள் முகமும் வீடும் கொடுத்திருப்போம் இல்லையா? அந்தக் குழந்தை எடுத்த படம் இது.

இசையைக் குறை சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். படத்துக்கு இசை அமைத்துப் பதிவு செய்தவர் ஜார்ஜ் மார்ட்டின், பீட்டில்ஸின் இசைத்தட்டுகளை உருவாக்கிய அதே மனிதர். ‘காட் டு கெட் யூ இன்டு மை லைஃப்’ பாட்டை எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழு ஊதுகருவிகளோடு தங்கள் வீட்டுப் பாட்டாகவே ஆக்கிவிட்டது. மூலத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். ஏரோஸ்மித் வில்லன் குழுவாக வந்து ‘கம் டுகெதர்’ பாடுவதில் அப்படி ஒரு திமிர். ஸ்டீவ் மார்ட்டின் பைத்தியக்கார டாக்டராகச் சுத்தியலோடு ஆடுகிறார். சினிமாவில் அவருடைய பெரும்புகழெல்லாம் இதற்குப் பிறகு வந்ததுதான். சரி, ‘எ டே இன் த லைஃப்’ மட்டும் இங்கே ஒட்டவில்லை. அந்தப் பாட்டின் குளிர் இந்த வண்ணங்களுக்குள் நிற்காது.

தயாரிப்பாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் முந்தைய வருடம்தான் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ கொடுத்திருந்தார். இதே வருடம் ‘கிரீஸ்’ஸும் அவருடையதுதான். அந்த வெற்றிகளோடு ஒப்பிட்டே இதை அடித்தார்கள். அவை இரண்டிலும் நல்ல கணக்கு இருக்கிறது. இதில் கணக்கே இல்லை, அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். அந்தத் தாராளம் எனக்கு வேண்டும்.

கடைசிக்கு வருகிறேன். காதலி போய்விட்டாள், பில்லி உயிரை விடத் துணிந்து மேலிருந்து குதிக்கிறான். அப்போது ஊர்க் கட்டடத்தின் உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக நிற்கும் பெப்பர் உயிர் பெறுகிறார். பெப்பராக, தங்க உடையில் பாடகர் பில்லி பிரெஸ்டன். விரல் நுனியிலிருந்து மின்னல் பாய, ‘கெட் பேக்’ பாடிக்கொண்டே எல்லாவற்றையும் சரிசெய்கிறார்; ஸ்ட்ராபெரி எழுந்து வருகிறாள். 1969-இல் பீட்டில்ஸ் கூரை மேல் நின்று இதே பாட்டை வாசித்தபோது அவர்களோடு கீபோர்டில் இருந்தவர் இவர்தான். அந்தப் பாட்டுக்குத் தனியாக வந்த இசைத்தட்டில் பீட்டில்ஸ் பெயரோடு இவர் பெயரும் அச்சாகியிருக்கும். ஒன்பது வருடம் கழித்து மறுபடியும் ஓர் உச்சியில், அதே பாட்டு. அந்த மனிதர் எவ்வளவு சந்தோஷமாக ஆடுகிறார் என்பதைப் பாருங்கள்.