படத்தைக் கொஞ்சம் இறக்கி மாட்டுங்களேன்

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து வந்த அம்மா, ஹாலுக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏன்யா, சாமி படத்தப் போயி இம்புட்டு கீழயா மாட்டுவாக? எட்டலையா ஒனக்கு?"

எட்டியது. வேண்டுமென்றேதான் இறக்கி மாட்டினேன். ஊர் வீட்டிலிருந்து நான் தூக்கிவந்த பழைய காலண்டர் வேணுகோபாலன் அது. பூஜை ரூமில் கும்பிடுகிற சாமிகள் தனியாக இருக்கிறார்கள். இவர் எனக்கு ஓவியம்.

நம் வீடுகளில் படம் என்றாலே கதவு நிலைக்கு மேலே, பரணுக்குப் பக்கத்தில்தான். கல்யாண போட்டோ, பொருட்காட்சியில் வாங்கிய தஞ்சாவூர்ப் படம், பிள்ளை கிரேயானில் வரைந்த யானை, எல்லாம் ஏழடி உயரத்தில். அண்ணாந்தால்தான் தெரியும். யார் அண்ணாந்து பார்க்கிறோம்?

பழைய வீட்டில் அந்த உயரத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் லட்சுமியையும் சரஸ்வதியையும் சாதாரணச் சுவர்களுக்குக் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி காலண்டர்களாகி வீடுவீடாகப் போயின. வருஷம் முடிந்துவிட்டது என்று முருகனைக் குப்பையில் போடமுடியுமா? கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார்கள். கும்பிடுகிற படம் தலைக்கு மேலேதான் இருக்கும். ஆனால் கயிறு கட்டி முன்பக்கம் சாய்த்து மாட்டுவார்கள். பாயில் உட்கார்ந்து நிமிர்ந்தால் முருகன் நம்மைக் குனிந்து பார்ப்பார். தாத்தா போட்டோவின் அந்தச் சாய்வுக்குள் சிட்டுக்குருவி கூடு கட்டும். வைக்கோல் தாத்தாவின் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். குஞ்சு பறக்கிறவரை ஒட்டடை அடிக்க ஆச்சி விடமாட்டாள்.

நாம் உயரத்தை வைத்துக்கொண்டு சாய்வை விட்டுவிட்டோம்.

கேலரிகளில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் வருகிற மாதிரி மாட்டுவது வழக்கம். நின்று பார்ப்பவர் கண்மட்டம் அது. இதைப் படித்துவிட்டுப் பலர் 57-இல் ஆணியை அடித்துவிடுகிறார்கள். நடுப்புள்ளிதான் 57, ஆணி இல்லை. என் படம் 24 அங்குல உயரம், ஆக மேல்விளிம்பு 69. பின்னால் உள்ள கம்பியை விரலால் மேலே இழுத்துப் பார்த்தால் விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது. ஆணி 66-இல். எங்கள் ஹாலில் நின்று பார்ப்பவர் யாருமில்லை, எதிரே சோபா. அதனால் இன்னும் 3 இறக்கி 63. நியூஸ்பேப்பரைப் பட அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்த்தபிறகே டிரில்லரை எடுத்தேன்.

அதற்கு முன் ஸ்டிக்கர் கொக்கி ஒட்டிப் பார்த்த கதையும் உண்டு. ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டு ஓனர் போட்ட முதல் கண்டிஷன். ராத்திரி இரண்டு மணிக்குப் 'படார்' என்று சத்தம். கொக்கி உள்ளங்கை அகல டிஸ்டெம்பரோடு பெயர்ந்து கிடந்தது. ஆணி அடித்திருந்தால்கூட அவ்வளவு பெரிய பள்ளம் விழுந்திருக்காது! கண்ணாடிச் சட்டத்துக்கு அதெல்லாம் ஆகாது. ஓனரிடம் கெஞ்சி, காலி பண்ணும்போது பட்டி பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி, ஓட்டை போட்டு, பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் ஓட்டை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். சட்டத்தின் கீழ் மூலைகளில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் சுவர் ஈரம் படத்துக்கு ஏறாது. பல்லி அந்த இடைவெளியில் முட்டை வைக்கும். வைக்கட்டும்.

மறுநாள் காலை அம்மா சோபாவில் காபியோடு உட்கார்ந்திருந்தாள். டம்ளர் பாதியில் நின்றது.

"ஏய்யா, இந்தக் கன்னுக்குட்டி காதுல ஒரு பூ இருக்கே. நம்ம வீட்ல இருந்தப்ப இது இல்லையே?"

முப்பது வருஷம் அவள் தலைக்கு மேலேதான் தொங்கியது அந்தப் படம்.