மணலில் ஓடாத சில்லை மணலுக்கென்று விற்காதீர்கள்

இன்று காலையும் அதே கதைதான். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை ஏற்றித் தள்ளும் இரண்டு சில்லு வண்டி, தார் ரோட்டில் ஒரு கையால் தள்ளப் போனது. நாயாற்றுக் கடற்கரை மணலில் இறக்கிப் பத்தடி போயிருக்க மாட்டோம், இரண்டு சில்லும் அச்சுவரை புதைந்து, முன்னால் மணலை வாரிக் குவித்துக்கொண்டு நின்றுவிட்டன. நானும் மச்சானும் இழுத்த இழுப்பில் பெல்ட் நழுவி, கயாக் ஒரு பக்கம் சரிந்தது. இருவர் ஏறும் கயாக், 35 கிலோ. விழுந்ததைத் தூக்கி வைக்கவே முதுகு பிடித்துக்கொண்டது.

கொழும்பில் வாங்கும்போது இரண்டு தரம் கேட்டேன். "தம்பி, முல்லைத்தீவுப் பக்கம், கால் வைத்தால் கணுக்கால் புதையும் மணல். ஓடுமா?" "எந்த மணலிலும் ஓடும் அண்ணை, 80 கிலோ தாங்கும்." நான் கேட்டது அதுவா? பாரம் தாங்குவது வேறு, மணலில் புதையாமல் போவது வேறு!

அந்தச் சில்லின் அகலம் 8 சென்ரிமீற்றர். அதுவும் காற்றில்லாத இறுகிய ரப்பர். மணலுக்கென்று செய்த சில்லு பலூன் மாதிரி இருக்கும். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரம், 18 அகலம், உள்ளே 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கொஞ்சக் காற்றுத்தான். மணலில் தட்டையாகப் பரந்து பாரத்தைப் பிரித்துக்கொள்ளும். உழவு இயந்திரம் மணலில் புதைந்தால் ரயரில் காற்றைக் குறைத்து எடுக்க எங்கள் பெடியளுக்குத் தெரியும். இந்த ரப்பரில் எதைக் குறைப்பது?

பாரத்தை நடுவில் வை, ஈர மணலில் தள்ளு என்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். செய்தோம். ஈர மணலில் ஓடுகிறது, சரி. அங்கே போய்ச் சேர 150 மீற்றர் காய்ந்த மணல் கிடக்கிறதே! அடம்பன் படர்ந்த இடம் கொஞ்சம் இறுக்கம் என்று அதன்மேல் கொண்டுபோனால், கொடி அச்சில் சுற்றிக்கொள்கிறது. அதை வெட்டவும் மனமில்லை, கரை மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான்.

மூன்றே கிழமையில் கிறீச் கிறீச் என்று கத்தத் தொடங்கியது. சில்லைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் அச்சைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் புஷ் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது, உள்ளே ஈர மணல் குழைத்த மா மாதிரி அப்பியிருந்தது. உப்புத் தண்ணீரில் போகிற சாமானுக்கு இப்படியா செய்வது?

நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், பக்கத்து வாடிக்காரர் பனங்குற்றிகளை அடியில் போட்டு வள்ளத்தையே உருட்டி இறக்கிவிட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர் வந்து சில்லைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, இது மெல்லிசு, மணலுக்குச் சரிவராது" என்றார். அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது விற்கிறவருக்குத் தெரியாதா?

போன் எடுத்தால், "மணலில் கொஞ்சம் இழுக்கத்தான் வேணும் அண்ணை" என்கிறார்கள். இதை வாங்க முன்னமே சொல்லியிருக்கலாமே! பெட்டியில் சில்லின் அகலத்தைப் பெரிதாக எழுதுங்கள். பலூன் சில்லுக்குத் தனி விலை என்றால் அதையும் சொல்லுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் வாங்குகிறோம், இன்னும் இரண்டு மாதம் பொறுத்து அதையே வாங்கியிருப்போம்.

நாளைக்கும் ஆறு மணிக்குக் கயாக் ஓட ஆட்கள் வருகிறார்கள். வண்டி ரோட்டோரம் நிற்கும். கயாக்கை நானும் மச்சானும் தோளில்தான் கொண்டுபோக வேண்டும்.