ஃபார்ம் போட்டால் ஆட்டோமேஷன் ஆகிவிடாது

பாஸ்வேர்டு மறந்தவர்கள் ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடாமல் தாங்களே மாற்றிக்கொள்ள ஒரு போர்ட்டல் கட்டினோம். அதற்குள் போக முதலில் லாகின் செய்ய வேண்டும். லாகினுக்கு என்ன வேண்டும்? மறந்துபோன அதே பாஸ்வேர்டு. சரி, லாகின் இல்லாமல் ஒரு பக்கம் வைக்கலாம் என்று மாற்றினால், ஓடிபி அலுவலக மெயிலுக்குப் போகும்படி வைத்தார்கள். அந்த மெயிலைத் திறக்கவும் அதே பாஸ்வேர்டுதான். டெமோ நடக்கும்போதே சொன்னேன். "முதலில் லைவ் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அந்த அப்புறம் வர ஏழு மாதம் ஆனது. அதுவரை எல்லோரும் போனைத்தான் எடுத்தார்கள்.

தவறு யாருக்கும் வரும், அதை மன்னித்துவிடலாம். அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் என்ன நிலைமையில் வந்து நிற்கிறார் என்று ஒருவர்கூட ஒரு நிமிடம் யோசிக்கவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். புது ஊழியருக்கு அக்கவுண்ட், சோதனைக்கு ஒரு விஎம் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் மெஷின்), ஃபோல்டருக்கு அனுமதி, ஃபயர்வாலில் ஒரு போர்ட் திறப்பது, இப்படி ஐடி துறையிடம் கேட்டு வாங்க வேண்டியதை எல்லாம் ஒரு பக்கத்தில் கேட்டால், பின்னால் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த புரோகிராம், ஓடி வேலை முடிய வேண்டும். செல்ஃப் சர்வீஸ் என்றால் அதுதான். என்னிடம் கேட்பதோ முன்பக்கத்தை மட்டும். பின்னால் அதே ஆட்கள், அதே டிக்கெட் (கோரிக்கைப் பதிவு) வரிசை. 'சப்மிட்' அழுத்தியதும் ஒரு மெயில் கிளம்பி ஒருவருடைய இன்பாக்ஸில் விழுகிறது. அவர் அதைத் திறந்து, பக்கத்து ஸ்கிரீனில் அதையே மறுபடி டைப் செய்கிறார். இதை ஆட்டோமேஷன் என்று சொல்வது பொய். முன்பு ஹெல்ப்டெஸ்க்கில் இருந்தவர் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்ட விவரத்தை இப்போது கேட்பவர் தலையில் கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த ஃபார்மைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. ஒரு விஎம் கேட்க 23 கட்டங்கள். பெயர், ஊழியர் எண், துறை, மேலாளர் பெயர், மேலாளரின் மெயில் முகவரி. கேட்பவர் சிங்கிள் சைன் ஆன், அதாவது எல்லாவற்றுக்கும் ஒரே லாகின், வழியாகத்தானே உள்ளே வந்தார்? யார் வந்திருக்கிறார் என்று சிஸ்டத்துக்குத் தெரியுமே! ஊழியர்களின் அக்கவுண்டுகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. துறைக்கும் மேலாளருக்கும் அதில் தனித்தனி இடம் இருக்கிறது. அங்கிருந்து எடுத்துப் போட்டால் முடிந்தது. "அந்தத் தகவல் சரியாக இருக்காது, அதனால்தான் கேட்கிறோம்" என்கிறார்கள். அப்படியானால் அதைச் சரிசெய்யுங்கள்! அந்தத் தப்பான மேலாளர் பெயரை வைத்துத்தானே ஒப்புதல் மெயிலும் போகிறது? வேலையை விட்டுப் போனவரின் மெயில்பாக்ஸில் கோரிக்கைகள் வாரக்கணக்கில் கிடந்ததை நானே தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன்.

மீதிக் கட்டங்கள் இன்னும் மோசம். எந்த சப்நெட், எந்த விஎல்ஏஎன், டிஸ்க் எந்த வகை? கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் இதைக் கேட்கிறோம். அவருக்கு வேண்டியது தன் ரிப்போர்ட்டை ஓட்டிப் பார்க்க ஒரு மெஷின். டிராப்டவுனில் முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார், வேறு என்ன செய்வார்? மூன்று நாள் கழித்து 'தவறான விவரம்' என்று டிக்கெட்டை மூடுகிறார்கள். எதற்கு வேண்டும், எவ்வளவு நாளைக்கு, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், இந்த மூன்றையும் கேட்டால் போதும். மற்றதை முடிவு செய்ய வேண்டியது நாம். அந்த அறிவை ஸ்கிரிப்டில் எழுதத்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"ஒரு ஃபார்ம்தானே, இரண்டு நாளில் முடித்துவிடு" என்று சொல்பவர்களுக்கு ஒரு சாதாரண உதாரணம் சொல்கிறேன். எங்கள் இடத்தில் ஒரு விஎம் தயாராக 12 நிமிடம் ஆகும். இரண்டு நாளில் கட்டிய போர்ட்டல், ஃபார்மிலிருந்து நேராக அந்த ஸ்கிரிப்டை அழைத்துவிட்டுக் காத்திருக்கும். நடுவில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால், பின்னாலிருந்து 60 விநாடி எந்தப் பதிலும் வராதபோது அது 504 என்ற 'நேரம் கடந்தது' பிழையைக் காட்டிவிடும். அதன் டிஃபால்ட் டைம்அவுட் அப்படி. ஸ்கிரிப்டோ பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கேட்டவருக்கு அது எப்படித் தெரியும்? மறுபடி அழுத்துகிறார். இன்னொரு முறையும் அழுத்துகிறார். மூன்று விஎம். மாதக் கடைசியில் செலவு ஏறியதும், 'பயன்படுத்துவோர் பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும்' என்று எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை! அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்மீது என்ன தப்பு? வேலை நடக்கிறது என்று சொல்லாமல் விட்டது நாம்.

இதற்கு வழி என்றைக்கோ இருக்கிறது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளான எச்டிடிபி 1.0-க்கு 1996-இல் வந்த ஆவணத்திலேயே 202 என்ற பதில் உண்டு. 'வாங்கிக்கொண்டேன், வேலை இன்னும் முடியவில்லை' என்று பொருள். அதைக் கொடுத்து, கூடவே ஒரு வேலை எண்ணையும் கொடுத்து, வேலையை வரிசையில் போட்டுவிட வேண்டும். எந்தப் படியில் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் காட்ட வேண்டும். அதே கோரிக்கை இரண்டாவது முறை வந்தால் அதே வேலை எண்ணைத் திருப்பித் தர வேண்டும். இதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்: "டைம்அவுட்டை 30 நிமிடமாக ஏற்றிவிடு." ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பாதியில் நின்றுபோகிற வேலைகள் வேறு. புதிதாகச் சேர்பவருக்கு அக்கவுண்ட் உருவாகிவிட்டது, மெயில்பாக்ஸ் உருவாகவில்லை, குரூப்பில் சேர்க்கவில்லை. மறுபடி ஓட்டினால் முதல் படியிலேயே 'இந்த அக்கவுண்ட் ஏற்கெனவே உள்ளது' என்று நின்றுவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தப் பிள்ளை வெறும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு படியும் 'இது ஏற்கெனவே முடிந்ததா' என்று பார்த்து, முடிந்திருந்தால் தாண்டிப் போக வேண்டும். எழுத நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் யாரும் தருவதில்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் கை நடுங்குகிறது. யார் வேண்டுமானாலும் நிரப்பும் ஃபார்ம், அதற்குப் பின்னால் ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுண்டுக்கு டொமைன் அட்மின் உரிமை (நெட்வொர்க் முழுவதையும் ஆளும் உரிமை), அதன் பாஸ்வேர்டு ஸ்கிரிப்டுக்குள்ளேயே பச்சையாக எழுதியிருக்கிறது. பெயர்க் கட்டத்தில் போட்டதை அப்படியே எடுத்து, சர்வர் நேராக ஓட்டும் ஷெல் கட்டளையில் ஒட்டுகிறார்கள். ஒரு அரைப்புள்ளி போட்டு அடுத்த கட்டளையை எழுதினால் அதுவும் ஓடும். ஒரு வேலைக்குத் தேவையான உரிமையை மட்டும் கொடு என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். அதை ரிவ்யூவில் எழுப்பினால் "நீ வேலையைத் தாமதப்படுத்துகிறாய்" என்கிறார்கள்.

ஒரு ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதி கேட்டால் மூன்று அடுக்கு ஒப்புதல். ஒரு வருட ஒப்புதல் லாகை (பதிவை) எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது அடுக்கில் ஒரு கோரிக்கைகூட மறுக்கப்படவில்லை. மெயில் வந்ததும் போனிலேயே ஓர் அழுத்து, அவ்வளவுதான். அந்த அடுக்கில் ஒப்புதல் தருபவர் விடுப்பில் போனால் மட்டும் எல்லாம் நின்றுவிடும். தடுக்கவே தடுக்காத ஒரு ஒப்புதலுக்காக மக்களை இரண்டு நாள் காக்க வைக்கிறோம். டொமைன் அட்மினுக்கோ எந்த ஒப்புதலும் இல்லை!

கொடுத்ததைத் திரும்ப எடுக்க ஃபார்ம் வேண்டும் என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. போனவர்களின் அக்கவுண்டும் மறந்துபோன விஎம்களும் அப்படியே கிடக்கின்றன.

இத்தனைக்கும் காரணம், எண்ணுவதைத் தப்பாக எண்ணுகிறோம். கேட்டலாக்கில் எத்தனை சேவை இருக்கிறது என்று மீட்டிங்கில் பெருமையாகக் காட்டுகிறார்கள். அவற்றில் எத்தனை ஆள் கைபடாமல் முடிகிறது, கேட்டதிலிருந்து கையில் கிடைக்கும்வரை எத்தனை மணி நேரம், இந்த இரண்டையும் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். ஸ்கிரிப்டைப் பட்டன் அழுத்தி ஓட்ட வைக்கும் ரன்டெக், ஏடபிள்யூஎக்ஸ் இரண்டும் ஓப்பன் சோர்ஸாகவே கிடைக்கின்றன. அதுபோன்ற ஜென்கின்ஸில் நான்கு கட்டமும் ஒரு பட்டனும் வைத்துக் கொடுத்தால்கூட, ஸ்கிரிப்ட் ஓடுவதைக் கேட்டவர் கண்ணாலேயே பார்க்கலாம். அழகு கிடையாது. ஆனால் பட்டனை அழுத்தினால் வேலை நடக்கும்.

அடுத்த காலாண்டுக்கு இன்னும் 15 ஃபார்ம் வேண்டும் என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்: 'பின்னால் ஓடும் ஸ்கிரிப்டை எழுதுபவர் யார்?' அட்மின்கள் அந்த ஸ்கிரிப்டை ஒரு வாரமாவது தங்கள் கையால் ஓட்டிப் பார்க்காமல் நான் ஃபார்மில் கை வைக்க மாட்டேன் என்றும் எழுதிவிட்டேன். பட்டியல் நேற்று திரும்பி வந்தது. அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். மறுபடி சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.