பிரேக் போட்ட பஸ் ரிவர்ஸில் வருமா சார்?

என் மகளின் டியூஷன் டெஸ்டில் ஒரு கணக்குக்கு விடை 32 மீட்டராம்! சாயங்காலத்திலிருந்து வயிறு எரிகிறது.

கணக்கு இதுதான். சமதளச் சாலை, மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் பஸ். டிரைவர் பிரேக் போடுகிறார், எதிர் முடுக்கம் 4, அதாவது விநாடிக்கு இத்தனை மீட்டர் என்கிற வேகம் ஒவ்வொரு விநாடியும் 4 குறையும். அதிலிருந்து 8 விநாடியில் பஸ் எவ்வளவு தூரம் போகும்? 72 என்றால் விநாடிக்கு 20 மீட்டர். விநாடிக்கு 4 குறைந்தால் 16, 12, 8, 4, பூஜ்யம். ஐந்தாவது விநாடியில் பஸ் நின்றாயிற்று. சராசரி வேகம் 10, ஆக 50 மீட்டர். மீதி 3 விநாடியும் நின்ற இடத்திலேயேதான் நிற்கும். என் மகள் இதைத்தான் எழுதினாள். "பேருந்து 5 விநாடியில் நின்றுவிடும்" என்று தனி வரியாகவே எழுதியிருந்தாள். அந்த வரியின் மேல்தான் சிவப்பு மையில் ஒரு கோடு. இழுத்த இழுப்பில் தாளின் பின்பக்கம் வரை பதிந்திருக்கிறது. மார்க் பூஜ்யம்.

நேரே டியூஷனுக்கே போனேன்.

"ஃபார்முலாவில் போட்டால் 20 × 8 = 160, அதில் பாதி × 4 × 8 × 8 = 128 போக, 32 தானே மேடம் வருது?" என்றார் வாத்தியார்.

"பஸ் அஞ்சாவது செகண்டிலேயே நின்னுடுச்சே சார்."

"கேள்வியில் 8 கொடுத்திருக்கு. டி-க்கு, அதாவது நேரத்துக்கு, 8 தான் போடணும்."

"போட்டால் வேகம் மைனஸ் 12 வருதே, அது என்ன சார்?"

"அதைக் கேள்வியில் கேட்கலையே மேடம்."

மைனஸ் 12 என்றால் என்ன தெரியுமா? நின்ற பஸ், பிரேக்கை மிதித்தபடியே, மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது! பயணிகள் எல்லாம் 18 மீட்டர் ரிவர்ஸில் வந்துவிட்டார்கள், 32 மீட்டரில் இருக்கிறார்கள். இதுதான் சரியான விடையாம்.

மேலே எறிந்த பந்து திரும்பி வரும், சரி. உச்சியில் ஒரு கணம் நின்றாலும் புவியீர்ப்பு அதை விடுவதில்லை. பிரேக் அப்படியா? ஓடுகிற சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும், சக்கரம் நின்றதும் அதன் வேலை முடிந்தது. பின்னால் தள்ளாது. முதலில் வண்டி எப்போது நிற்கும் என்று பார், அப்புறம் சூத்திரத்தில் போடு. இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்க எத்தனை நிமிடம் ஆகும்?

இதை நான் பெரிதுபடுத்துகிறேனாம். நாங்கள் தர்மபுரிக்காரர்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் தொப்பூர் கணவாயில் இறங்குகிறவர். மேலேயே கியரைக் குறைத்துவிடுவார். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, பிடிப்பே போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வேகம் இரட்டிப்பானால் நிற்கிற தூரம் நான்கு மடங்கு: அதே பஸ் 36-இல் வந்தால் 12.5 மீட்டரில் நிற்கும், 72-இல் வந்தால் 50 வேண்டும். அந்தக் கணவாயில் எத்தனை வண்டி எத்தனை வண்டிமேல் ஏறியிருக்கிறது! இந்த ஊர்ப் பிள்ளைக்கு வண்டி எங்கே நிற்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தது, அதை அடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, அடுத்த டெஸ்டில் 32-னே எழுதிடட்டுமா?"

பதறிப்போனேன். கூடாது, 50 தான் எழுது, மார்க் போனால் போகட்டும் என்றேன். திங்கட்கிழமை ஒரு பொம்மை காரும் கையுமாக மறுபடி போகிறேன். அந்த டியூஷன் மாடிப்படிக்கு ஒரு பல்பும் போடச் சொல்லணும். மூன்று மாதமாகக் கும்மிருட்டு, பெண் பிள்ளைகள் ராத்திரி 8 மணிக்குச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்குகிறார்கள்.