சாவிக்கொத்து வலிப்பை நிறுத்தாது

“வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுங்கள், உடனே நிற்கும். எல்லோருக்கும் பகிருங்கள்” என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மூளை நரம்பணுக்களில் மின்தூண்டல் தாறுமாறாகப் பெருகுவதால் வருவது வலிப்பு. கையில் உள்ள இரும்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கும். மாட்டுத்தாவணியில் ஒருவர் விழுந்து, கூட்டம் சாவி தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் அந்த நேரம் கழிந்துவிடும்; பெயர் சாவிக்குப் போகும். இறுகிய விரல்களைப் பிரித்துத் திணித்தால் காயம்தான் மிச்சம்.

செய்ய வேண்டியது: கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் கரண்டி, தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ 108.

காரணம் பேயோ சாபமோ அல்ல. தலைக்காயம், பக்கவாதம், பிரசவத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது, மரபணு, மூளையில் நாடாப்புழுக் கட்டி எனப் பல உண்டு. அந்தப் புழுவின் முட்டை கழுவாத காய்கறி, அசுத்தத் தண்ணீர் வழியாகச் சைவ உணவு உண்பவர்களுக்கும் வரும். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை; ஆனாலும் முறையான சிகிச்சையில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் இணையதளத்திலோ, அரசு ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவிலோ சரிபார்க்கலாம்.

இரும்பை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.