மகதலா மரியா விபசாரி என்று எந்த வசனத்தில் இருக்கிறது?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பிரசங்க வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், அதில் நாலு பேர் கைகூப்பும் பொம்மையோடு. யார் பேசியது, எந்த ஊர்க் கூட்டம் என்றெல்லாம் எழுதப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். "உடம்பை விற்ற மகதலா மரியாவையே ஆண்டவர் மன்னித்தாரே, உங்களை மன்னிக்க மாட்டாரா?" என்று அவர் கேட்டதும் கூட்டம் மொத்தமும் அல்லேலூயா போட்டது. உருக்கமான பேச்சுதான். ஒரே ஒரு குறை, அப்படி பைபிளில் இல்லை.

இல்லை என்றால் இல்லவே இல்லை. இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள். லூக்கா 8-ஆம் அதிகாரத்தில் ஏழு பேய்கள் நீங்கிக் குணமான பெண்ணாக வருகிறார். ஏரோதின் அதிகாரி கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா ஆகியோரோடு சேர்ந்து தம் சொந்தப் பணத்தில் இயேசுவுக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்கிறார். அப்புறம் சிலுவையருகில் நிற்கிறார், கல்லறைக்குப் போகிறார். உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசி, அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் "ரபூனி", அதாவது போதகரே, என்கிறார். அவ்வளவுதான். இதில் விபசாரம் எந்த வரியில் இருக்கிறது?

"பேய் பிடித்திருந்ததே, அது பாவத்தின் அடையாளம்தானே" என்று ஒரு அண்ணன் நேற்றே எழுதிவிட்டார். சரி அண்ணா. மாற்கு 5-இல் கெரசேனர் பகுதியில் ஒருவர் இருந்தார், இரண்டாயிரம் பன்றிகளுக்குள் புகுகிற அளவுக்கு அவருக்குள் பேய்கள். அவரைப் பெண்பித்தன் என்று எந்தப் பிரசங்கத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? அவர் நோயாளி, பரிதாபம். ஏழு பேய் பிடித்த பெண் மட்டும் விலைமாது. நல்ல கணக்கு!

இந்தக் கதை ரோமில் உரம் பெற்றது. 591-இல் திருத்தந்தை (போப்) முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில் மூன்று பெண்களை ஒருவராக்கினார். லூக்கா 7-இல் பரிசேயர் சீமோன் வீட்டில் இயேசுவின் காலைக் கண்ணீரால் நனைத்த பாவியான பெண்ணுக்குப் பெயரே கிடையாது. இயேசுவுக்குத் தைலம் பூசிய இன்னொரு மரியா எருசலேமுக்குப் பக்கத்தில் பெத்தானியாக்காரர். நம்மவரோ வடக்கே கலிலேயக் கடலோரத்து மகதலா. மூவரையும் சேர்த்துக் கட்டி, ஏழு பேய்களை ஏழு தீய குணங்கள் என்றும் ஆக்கிவிட்டார். அந்தத் தைலத்தை அந்தப் பெண் முன்பு எதற்குப் பூசிக்கொண்டார் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது! முந்தைய வருடம்தான் ரோமைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது, மக்களை மனந்திருப்ப ஓர் உதாரணம் வேண்டியிருந்திருக்கும். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த உதாரணத்துக்கு அகப்பட்டது யார், பாருங்கள்.

"சபைப் பாரம்பரியத்தையே கேள்வி கேட்கிறாயா?" என்பார்கள். எந்தச் சபை? கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையில் மூவரும் மூவர்தான். அங்கே மகதலா மரியா அப்போஸ்தலருக்கு, அதாவது இயேசு அனுப்பிய முதன்மைச் சீடர்களுக்கு, நிகரானவர். மேற்கில் 1517-இல் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சு அறிஞர் மூவரும் வேறு வேறு என்று எழுதினார், 1521-இல் பாரிஸ் இறையியல் பீடம் அதைக் கண்டித்தது. கடைசியில் 1969-இல் கத்தோலிக்கச் சபை வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தும்போது சத்தமில்லாமல் பிரித்தார்கள். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மகதலா மரியாவின் ஜூலை 22 நினைவை அப்போஸ்தலர்களுக்கு இருப்பது போலவே விழாவாக உயர்த்தினார். 'அப்போஸ்தலர்களுக்கு அப்போஸ்தலர்' என்பது தாமஸ் அக்குவினாஸ் காலத்திலேயே அவருக்குப் புழங்கிய பட்டம். ரோமே திருத்திக்கொண்டுவிட்டது. நம் ஒலிபெருக்கிகளுக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் (இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் நடித்துக் காட்டுவது) எனக்கு மகதலா மரியா வேஷம். சிவப்புப் பாவாடை, கழுத்து நிறையக் கவரிங், தலை கொள்ளாத கனகாம்பரம், உதட்டுச் சாயம். வசனம் ஒன்றும் கிடையாது. கல்லெறிய வருகிற ஆட்களுக்கு நடுவே ஓடிவந்து விழ வேண்டும், அழ வேண்டும். அது யோவான் 8-இல் வரும் பெயரில்லாத வேறொரு பெண்! கிரகோரியார் தேர்ந்த மூவரில்கூட அவர் இல்லை. சரி, உயிர்ப்புக் காட்சியிலாவது "ரபூனி" சொல்லலாம் என்று காத்திருந்தேன். பட்டாசு வெடித்தது, கல்லறை திறந்தது, இயேசுவின் சுரூபம் மேலே எழும்பியது, மணி அடித்தது, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மரியாவுக்கென்று இருந்த ஒரே காட்சியை நேரமில்லை என்று வெட்டிவிட்டார்களாம்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை வரை பையன்கள் என்னை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைக்கூட மறந்துவிட்டேன். என் ஆச்சியின் பெயர் மதலேனம்மாள், மகதலா மரியாவின் பெயர்தான். முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து நாடகம் பார்த்தாள். இருபத்தாறு வயதில் தாத்தா போன பிறகு கருவாட்டுக் கடை வைத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். தனியாகச் சம்பாதிக்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. அன்று ராத்திரி என் உதட்டுச் சாயத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இவ பேரையா வச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவள் சொன்ன பெயர் மேரியம்மாள்.

(மகதலாவும் மீன் உப்புக்கண்டத்துக்குப் பேர்போன ஊர்தான். அதைச் சொல்லியிருந்தால் ஆச்சி சிரித்திருப்பாள். எனக்கே பிற்பாடுதான் தெரியும்.)

"அப்படியானால் விலைமாது என்றால் கேவலமா, நீயும் அவர்களை இழிவாகத்தானே பார்க்கிறாய்?" இந்தக் கேள்வி கொஞ்சம் குத்துகிறது. ஆச்சி கூசியதில் அதுவும் இருந்தது, என்னிடமும் இருக்கலாம். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த பேதுருவை 'மறுதலித்த பேதுரு' என்று எங்காவது அறிமுகப்படுத்துகிறோமா? தோமாவுக்குச் 'சந்தேகத் தோமா' ஒட்டிக்கொண்டது உண்மை, பாவம். ஆனால் அவர் சந்தேகப்பட்டது எழுதியிருக்கிறது. செய்தது ஒட்டினால் ஒரு நியாயம். செய்யாதது எப்படி ஒட்டும்?

"அவர் இயேசுவின் மனைவி" என்று நாவல் வாசித்துவிட்டு வருகிறவர்களும் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள். அதற்கும் வசனம் இல்லை.

பழைய கதை, விட்டுத்தள்ளு என்கிறீர்களா? அயர்லாந்தில் இந்தப் பெயரில்தான் மகதலேன் சலவைக்கூடங்கள் நடந்தன. 'ஒழுக்கம் தவறியவர்கள்' என்று முத்திரை குத்திப் பெண்களை அடைத்து வைத்துக் கூலியில்லாமல் துணி துவைக்க வைத்தார்கள். 1993-இல் டப்ளினில் ஒரு மடம் நிலத்தை விற்கப்போய் 155 பெண்களின் உடல்களைத் தோண்டி எடுக்க வேண்டி வந்தது. கடைசிக் கூடம் மூடியது 1996. அரசு மன்னிப்புக் கேட்டது 2013. ஒரு பெயரை வைத்து என்னவெல்லாம் செய்யலாம், பாருங்கள்.

ஆச்சியின் கல்லறைக் கல்லில் மேரியம்மாள் என்றுதான் வெட்டியிருக்கிறது. ஜூலை 22-க்குள் மதலேனம்மாள் என்று மாற்றித்தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழைய எழுத்தை அழிக்க முடியாதாம், புதுக் கல்தான் வைக்க வேண்டுமாம். வைக்கச் சொல்லிவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது ஆளும் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார். என் சொந்தச் சித்தப்பா, ஆச்சியின் கடைசி மகன்.